கேம்காரன் விட்ட பிழைகள்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் கேம் கடையில் என்னைவிட நன்றாகச் சுடக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் எந்தத் துப்பாக்கியால் சுடுகிறோம் என்று தெரிந்து சுட்டவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமில்லை.

இரண்டாம் உலகப் போர் கேம் அது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த சித்தப்பா மகன் தீபாவளிக்கு வந்தபோது, பழைய ஆயுதப் படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை வைத்துக்கொண்டு கேமின் குட்டை உடைக்க ஆரம்பித்தேன். ஆப்பிரிக்க மணலில் ஜெர்மன் சிப்பாய் ஒரு துப்பாக்கியால் சுடுவான். அந்த மணல் சண்டை முடிந்த பிறகுதான் அந்தத் துப்பாக்கியே படைக்கு வந்தது. இன்னொரு துப்பாக்கி, போர் முடிகிற நேரத்தில் சோதித்துப் பார்ப்பதற்காக விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் மட்டும் செய்தது. கேமில் அதை, தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் கொழுந்துக் கூடை கொடுப்பதுபோல் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் படமாக வரைந்து, எங்கே பிழை என்று எழுதி, அட்டையில் ‘கேம்காரன் விட்ட பிழைகள்’ என்று பெரிய எழுத்தில் போட்டேன்.

வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். எனக்கு அடையாள அட்டை இன்னும் வரவில்லை. எங்கள் தோட்டத்து ஆபீசில் வாங்கிய கடிதம்தான் கையில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ஹட்டனில் சாமான் வாங்கிக்கொண்டு நோர்வூட் பஸ்ஸில் திரும்பினோம். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என் பையைத் துழாவிய இளம் சிப்பாய் நோட்டை வெளியே எடுத்தான். பக்கத்துக்குப் பக்கம் துப்பாக்கி. அடையாள அட்டையில்லாத தமிழ்ப் பையன் வேறு. இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் பிடிபட்டவர்களே மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை.

சார்ஜன்ட் வந்தார். அம்மா முந்திக்கொண்டு, “மகே புத்தா மொகுத் தன்னே நே, சார்” என்றாள். என் மகனுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கா தெரியாது?

சார்ஜன்ட் ஒரு படத்தில் விரலை வைத்து, “இது எங்களிடம் இருப்பதுதானே?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“இல்லை, சார். உங்களுடையதில் குண்டு அடைக்கிற மகசீன் இன்னும் வளைவாக இருக்கும். இது அதற்கு முந்தியது” என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன்.

பதில் சரி. அதுதான் வினையாகிப் போனது. அவர் முகம் இறுகியது. யார் சொல்லிக்கொடுத்தது என்றார். கம்ப்யூட்டர் கேம் என்றேன். அவர் நம்பவில்லை, ஜீப் பக்கம் கையைக் காட்டினார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

“சரி, குண்டு தீர்ந்துவிட்டால் மறுபடி எப்படிப் போடுவாய்?” என்று சார்ஜன்ட் விடாமல் கேட்டார்.

என் நோட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

“கீபோர்டில் ஆர் எழுத்தை அமுக்க வேண்டும், சார்.”

இளம் சிப்பாய்தான் முதலில் சிரித்தான். அவனும் அந்த கேமை விளையாடியிருப்பான் போலிருக்கிறது. “சரிதான் சார், ஆர்தான்” என்று சாட்சி சொன்னான். சார்ஜன்ட் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நோட்டைச் சுருட்டி என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, பஸ்ஸில் ஏறச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறிய பிறகும் அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. நோர்வூட்டில் இறங்கி, தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறும்போது திட்டத் தொடங்கினாள்.

“நா ஒன்னுந் தெரியாதுன்னு கெஞ்சிக்கிட்டு இருக்கேன், நீ என்னடான்னா வாத்தியாராட்டம் வெளக்கம் குடுக்கிற. உசுரு பெருசா, அந்த வளைவு பெருசா?”

“நா சொன்னது சரிதாம்மா.”

பாதையில் அப்படியே நின்றுவிட்டாள்.

“கடைசியா ஒரு எழுத்துச் சொன்னியே, அதுவும் சரிதானா?”

“அதுவும் சரிதான்.”

“அப்ப இனிமே எவன் என்ன கேட்டாலும் அத மட்டுஞ் சொல்லு.”

அதற்குப் பிறகுதான் என் மணிக்கட்டை விட்டாள்.