மன்றச் செயலாளரின் மொட்டை

மலைமேல் இருக்கும் மன்னவனூரில் பங்குனி வெயிலில்கூடக் குல்லாவோடு திரியலாம், ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் குளிரை நம்பித்தான் செல்வமுருகன் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

பூண்டும் கேரட்டும் போடுகிற சம்சாரி அவர். ஆனால் ஊருக்குள் அவரை மனிதநேய மன்றத்துச் செயலாளர் என்றால்தான் தெரியும். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதலில் அவர் போன்தான் அடிக்கும். சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளுக்கு முன்னால் நின்று மாலை எடுத்துக் கொடுத்தார். பேய் ஓட்டுகிறேன் என்று வந்த ஒருவன் கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துக் காட்டி, உள்ளே சாயம் ஏற்றியிருந்ததை ஊரையே பார்க்கவைத்தார். அப்படிப்பட்ட ஆள்.

அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. தப்பு செய்தவரை எழுப்பி நிற்கவைத்துவிடுவார். மன்றத்திலேயே இருக்கும் ஜீப் டிரைவர் சக்திவேல், போன வருஷம் தன் கைக்குழந்தைக்குப் பழனியில் முடி இறக்கிவிட்டு வந்தான். அடுத்த கூட்டத்திலேயே அவனை எழுப்பிவிட்டார். “மனுசனை நம்பச் சொல்ற மன்றத்துல இருந்துக்கிட்டு மலைக்கு மொட்டை போடப் போனீங்களாக்கும்?” என்றார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி கண்மணியின் கண் முன்னாலேயே, “செஞ்சது தப்புதாங்க” என்று அவனைச் சொல்லவைத்தார். அன்றிலிருந்து கண்மணி எதிரில் வந்தாலும் அவரைப் பார்க்காத மாதிரிதான் போவாள்.

இந்த மழைக்காலத்தில் அவர் மகள் நதியாவுக்கு நிமோனியா வந்தது. மலையிறங்கித் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாயில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு பிள்ளை கிடந்தது. மனைவி புவனா டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது அவர்தான். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள், “முருகா, எம் முடிய எடுத்துக்க, புள்ளைய விட்டுரு” என்றார்.

பிள்ளை பிழைத்துவிட்டது. மருந்துதான் காப்பாற்றியது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பிள்ளை ஒரு தரம் இருமினால் போதும், ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சொன்னதைச் செய்யாமல் விட்டதாலோ என்று நினைத்தார், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். கடைசியில் உரம் வாங்கப் போவதாகப் புவனாவிடம் சொல்லிவிட்டு வெள்ளனே பழனி பஸ் ஏறினார். முடி இறக்கியவர், “என்ன வேண்டுதலுங்க?” என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். செல்வமுருகன் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். தலையில் சந்தனம் பூசிக்கொண்டவர் மலைமேல் ஏறிச் சாமி பார்க்கவும் இல்லை. சாமியிடமும் முகம் காட்டத் தைரியமில்லாமல், குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்துவிட்டார்.

மறுநாளே மன்றத்தின் முகாம். கேன்சர் வந்து முடி கொட்டிப்போன பெண்களுக்கு விக் செய்ய முடி தானம். உருளைக்கிழங்கு குடோனில் பேனர் கட்ட ஸ்டூல் மேல் ஏறியவரின் குல்லா, கம்பியில் மாட்டிக் கழன்று விழுந்தது.

குடோனில் இருந்தவர்கள் மொட்டையை அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் யாரோ கை தட்டினார்கள். முடியை இழந்தவர்களுக்குத் துணையாகச் செயலாளர் தானே முதலில் மொட்டை போட்டுக்கொண்டார் என்று அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். ஒருவர் ஓடிவந்து தோளில் துண்டைப் போர்த்தினார். இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

சக்திவேல் குல்லாவை எடுத்துத் தூசி தட்டி அவர் கையில் கொடுத்தான். முகத்தை ஒரு தரம் பார்த்தான். போய்ப் பேனர் கயிற்றைப் பிடித்தான்.

அந்த நேரத்தில்தான் கண்மணி எழுந்து வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஒரு வருசமா உங்க மேல கோவமா இருந்தேன்ணே. இன்னைக்கு அது போச்சு. முதல்ல எனக்கு வெட்டச் சொல்லுங்க.”

முடி வெட்ட வந்தவரின் கத்திரிக்கோல் பின்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த மன்னிப்பைத் திருடி வாங்கியாயிற்று என்று செல்வமுருகனுக்குத் தோன்றியது.

“நிறுத்துங்க,” என்றார். “இது பழனியில போட்டது. நதியாவுக்காக வேண்டிக்கிட்டேன். சக்திவேலை நிக்கவச்சுக் கேட்டேனே, அதே சோலியத்தான் நானும் செஞ்சிருக்கேன். அவராச்சும் ஒளிக்கல.”

துண்டு போர்த்தியவர் குனிந்துகொண்டார். பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். செல்வமுருகன் சக்திவேலின் முகத்தைப் பார்க்க முடியாமல், “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றார்.

“குல்லாவுல சந்தன வாசம் அடிச்சுச்சுங்க,” என்றான் சக்திவேல்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நிக்கவச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் அங்கேயே, கண்மணியின் முன்னால், சக்திவேலைப் பார்த்துக் கைகூப்பினார். “அன்னைக்கு உங்களச் சொல்லவச்சது தப்பு. செயலாளரா இனி வேற யாராச்சும் இருங்க.”

கண்மணி பின்னலை இன்னும் முன்னால் இழுத்துவிட்டாள். பிறகு கத்திரிக்கோல்காரரிடம், “நீங்க வெட்டுங்க. முடி இவருக்கா போகுது?” என்றாள்.

பின்னல் கையோடு வந்தது. வாசலுக்கு வந்தபோது ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. பழக்கமில்லாத பிடரியைக் கையால் மூடிக்கொண்டு கண்மணி நடுங்கினாள். மொட்டைத் தலையோடு நின்ற செல்வமுருகன் கையிலிருந்த குல்லாவை நீட்டினார்.

அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“கோவம் திரும்பி வந்துருச்சுண்ணே,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். “நதியாவப் பார்க்க நாளைக்கு வாரேன். குல்லாவ அப்பத் தாரேன்.”