காத்தாயி வேலி நொச்சி

நம்பினால் நம்புங்கள், பேய், பிசாசு, சாமி இறங்குவது எதையும் நம்பாதவன் நான். பகுத்தறிவு என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உள்ளபடி, எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பல். இந்த விவகாரமே அந்தச் சோம்பலில்தான் தொடங்கியது.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் உதவியாளனாக இருந்தேன். செடியைக் கொண்டுவந்து, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, எந்த ஊரில், யார் இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று மூலையில் சீட்டு ஒட்ட வேண்டும். ஒருநாள் பேராசிரியர், கிராமத்துக்குப் போய் நொச்சி கொண்டுவரச் சொன்னார். அந்த வெயிலில் யார் சைக்கிள் மிதிப்பது என்று கல்லூரிப் பின்வேலியிலேயே ஒரு கிளையை வெட்டிப் போட்டுவிட்டு மாட்டினி சினிமாவுக்குப் போய்விட்டேன். வெட்டும்போது கட்டைவிரலிலும் ஒரு வெட்டு. என் சாமர்த்தியம் அப்படி. மறுநாள், பஸ் போர்டில் பார்த்த ஓர் ஊரைப் போட்டு, ‘வாய்க்கால் வடகரை, காத்தாயி குடிசை வேலி’ என்று சீட்டில் எழுதினேன். அந்த ஊர்ப்பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. காத்தாயியும் என் கற்பனைதான்.

நாலு வருடம் போனது. கழக ஆட்சி, கூலிக்கும் நிலத்துக்கும் ஊர் ஊராக அடிதடி. வயல்வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே என்று சட்டம் வந்திருந்தது. ஒரு பகலில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி துறை வாசலில் நின்றாள்.

“காத்தாயிங்க. நொச்சி வெட்ட வந்தீங்களே, எம்பேரு எடமெல்லாம் எழுதிக்கிட்டீங்களே, அந்தக் காயிதம் வேணும் சார். போன வருசந்தான் குடிசை போட்டேன்னு பண்ணையாரு சொல்றாரு. அத்தாட்சி இல்லன்னா பிரிச்சிருவாங்க.”

“நான் வரவே இல்லையேம்மா.”

“இந்த வயசுலயே இவ்ளோ மறதியா சார் ஒங்களுக்கு?”

அவள் ஊரையும் இடத்தையும் கேட்டுக்கொண்டு அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்ன ஊர், அவள் சொன்ன கரை. பத்திரமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு மனை விசாரணை நாளில் அவள் ஊருக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் அவள் குடிசை போகும்; பொய் சொல்லி மாட்டினால் என் வேலை போகும். வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாசில்தார் அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

“நீங்கதான் நேர்ல வந்து எடுத்தீங்களா?”

பண்ணையாரின் ஏஜெண்ட் சிரித்தான். “எப்புடிங்க? இப்பவே நாலு பேர்கிட்ட வழி கேட்டுத்தானே வந்து சேந்தாரு.”

நிஜம்தான். காத்தாயி முன்னால் வந்தாள்.

“பீச்சாங்கையில கத்தியப் புடிச்சு வலது கட்டவெரல வெட்டிக்கிட்டாரு சாமி. நான்தான் சீலையோட பச்சைக் கரையக் கிழிச்சுக் கட்டுனேன். வெரலப் பாருங்க.”

தாசில்தார் என் கையைத் திருப்பிப் பார்த்தார். தழும்பு இருந்தது. நான் இடதுகைக்காரன் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

“ஆமாங்க, வந்தேன்” என்றேன்.

அவளுக்குப் பட்டா கிடைத்தது. அன்று நான் சொன்னது பொய்தான் என்று இப்போதும் அடித்துச் சொல்வேன், ஒரே ஓர் இடத்தில் மட்டும் நாக்கு தடுமாறும். அந்த மாட்டினி இடைவேளையில் முறுக்கு வாங்கினேன். கட்டைவிரலில் சுற்றியிருந்த பச்சைத் துணியில் எண்ணெய் பட்டது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, ஆம்பளைகள் மட்டும் தங்கும் லாட்ஜில் இருந்தேன். அந்தத் துணி எனக்கு எங்கே கிடைத்தது?