டெரிக்குக்குப் பன்னிரண்டு வயதானபோது

போன கிழமை ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில் நின்றேன். பேத்திக்குப் பாணின் ஓரம் பிடிக்காது. "அம்மப்பா, நோ க்ரஸ்ட், ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள். நானும் கடமையாக ஓரங்களை உரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை தன்பாட்டில் வெள்ளைத் துண்டைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் பரப்பத் தொடங்கிவிட்டது. மகள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்? உது ஆருக்கு?"

"குருவிக்கு" என்றேன். வெளியே முழங்கால் அளவு பனி. எந்தக் குருவி வரப்போகிறது? அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. வயதானவர்கள் செய்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் வேலைக்குப் போன மாதிரித்தான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக நின்று, ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்குப் பாண் பிய்த்தவன் நான். மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைக்காரரின் கோயிலில். மூன்று நேரமும் திருநீறு பூசிய என் அப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாது. மகளுக்கும் தெரியாது.

எழுபதுகளில், நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேல் பகுதியில் ஒரு தமிழ்க் குரல் கேட்பதென்றால் அது அநேகமாக என் அறைத்தோழன் சுந்தரத்தின் குரலாகத்தான் இருக்கும். சுந்தரம் திருநெல்வேலிக்காரன், பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். நான் பாண் தொழிற்சாலையில் துண்டு வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். என் கோட்டிலும் தலையிலும் எப்போதும் புளித்த மாவின் வாசம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பசி எடுக்கும் என்று சுந்தரம் கேலி செய்வான்.

ஒரு தை மாதத்து மாலை கதவைத் தட்டினார்கள். இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்கள். ஒரே மாதிரிக் கோட்டு, ஒரே மாதிரி வாரிய தலை. மீசைகூட ஒழுங்காக முளைக்காத அந்த முகங்களுக்குக் கீழே, நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டியில் 'மூப்பர்' என்று பட்டம் வேறு.

"இவங்க மூப்பர்னா நான் யாருய்யா, முப்பாட்டனா?" என்றான் சுந்தரம்.

குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பவர்களை வாசலோடு அனுப்ப மனம் வரவில்லை. உள்ளே இருத்தினோம். சுந்தரம் ஊரிலிருந்து வந்த காப்பித்தூளைப் பெரிய மனசு பண்ணி எடுத்துக் காப்பி போட்டான். அவர்கள் தொடவில்லை. காப்பி, தேயிலை, சாராயம், சுருட்டு எல்லாமே தங்கள் மதத்தில் விலக்கு என்றார்கள். சாராயத்தோடு காப்பியையும் ஒரே பந்தியில் இருத்திவிட்டார்களே என்று சுந்தரத்துக்கு வந்த கோபம் லேசில் ஆறவில்லை. "காப்பி வேண்டாங்கிறவனை எப்படிய்யா நம்புறது?"

நான் நம்பினேன். வேதத்தை அல்ல, அந்தச் சனத்தை. ஞாயிற்றுக்கிழமை போனால் என் பெயரை முழுதாக, கஷ்டப்பட்டு, உச்சரித்தார்கள். உருளைக்கிழங்கையும் சீஸையும் சேர்த்து வேகவைத்த பண்டம் தந்தார்கள். பச்சை ஜெலிக்குள் துருவிய கரட்டைப் போட்டு அதையும் உணவென்று தந்தார்கள், அதையும் சாப்பிட்டேன். அங்கே சம்பளத்துக்குக் குருமார் கிடையாது. பிஷப் கிழமை நாட்களில் பல் வைத்தியர். அவர் மனைவி எனக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னித் தந்தார். குளிருக்குப் பயந்து மதம் மாறிய முதல் யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். தேத்தண்ணியையும் விட்டேன். அது எவ்வளவு பெரிய தியாகம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பொடியன்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இதைக் கேட்க விரும்பும் நண்பர் யாராவது இருக்கிறார்களா என்று. நான் கிளைவின் பெயரைச் சொன்னேன்.

கிளைவ் ஜமேய்க்காக்காரர். தொழிற்சாலையில் அடுப்படி அவர் பொறுப்பு. நாற்பது வயது இருக்கும். என் முதல் குளிர்காலத்தில், கையுறை இல்லாமல் வந்த என்னைப் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றித் தந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று கேட்டு, தானும் வந்தார். மகன் டெரிக்கையும் கூட்டிவந்தார். மனைவி டோரீன் மட்டும் வர மறுத்துவிட்டார்.

நானும் கிளைவும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றோம். ஓடு பதித்த தொட்டி, இடுப்பளவு தண்ணீர், வெள்ளை உடுப்பு. உடம்பில் ஒரு துளி இடமும் வெளியே தெரியாமல் அமிழ வேண்டும். என் கால் பெருவிரல் மேலே மிதந்ததால் என்னை இரண்டாம் முறையும் அமுக்கினார்கள். கிளைவ் ஒரே முக்கில் கரை சேர்ந்தார். "உன்ர பாவமெல்லாம் விரலிலதான் இருக்குப்போல" என்று சிரித்தார். அவர் பேசியது ஜமேய்க்கா ஆங்கிலம்தான். இத்தனை வருடம் என் தலைக்குள் கிடந்து எப்படியோ எங்கள் ஊர்த் தமிழாகிவிட்டது.

சில கிழமை கழித்து எங்கள் இருவரையும் பிஷப் கூப்பிட்டனுப்பினார். அந்த மதத்தில் ஆண்கள் எல்லோருக்கும் குருத்துவம் என்று ஒன்று தருவார்கள். பன்னிரண்டு வயதுப் பொடியன்கள் நற்கருணைப் பாணும் தண்ணீரும் உள்ள தட்டுகளைச் சனத்திடம் கொண்டுபோவார்கள். என்னைப் போன்ற வளர்ந்த ஆட்கள் மேசையருகே நின்று பாண் பிய்த்து, முழங்காலிட்டு மந்திரம் சொல்லவேண்டும். முதலில் என்னை உள்ளே கூப்பிட்டார். தேத்தண்ணி விட்டாயிற்றா, பொய் சொல்வதில்லையா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சற்றுத் தயங்கி, உங்கள் பரம்பரையில் ஆபிரிக்க இரத்தம் ஏதும் உண்டா என்றார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் ஏழு தலைமுறைக்கு யார் யாரைக் கட்டினார்கள் என்று சொல்லமுடியும், நாங்கள் கலப்பே இல்லாத குடும்பம், கண்டவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம் என்று பெருமையோடு அளந்தேன். பல் வைத்தியர் பாவம், இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. "நல்லது, நல்லது" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கணம் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வெளியே நடையில் கிளைவ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "என்ன கேட்டவர்?" என்றார்.

"பெரிசா ஒண்டுமில்லை. தேத்தண்ணியைப் பற்றி" என்றேன்.

அவர் எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கறுப்பு மனிதருக்குக் குருத்துவம் கிடையாது என்பது அந்தக் காலத்தில் அவர்கள் சட்டம். அதைச் சொல்ல அந்த இரண்டு மூப்பர்களுக்கும் வாய் வந்திருக்கவில்லை. அவருக்கு முன்பே தெரிந்துகொண்டு வெளியே வந்த நானும் சொல்லவில்லை.

அவர் அன்றோடு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஞாயிறு தோறும் வந்தார். வரும்போது தொழிற்சாலையிலிருந்து ஒரு றாத்தல் பாண் கொண்டுவருவார். அவர் அடுப்பில் வெந்த பாண். அதை நான் பிய்ப்பேன். மந்திரத்தில் ஒரு சொல் பிசகினாலும் முதலிலிருந்து சொல்லவேண்டும். தேவாரம் மனப்பாடம் செய்த வாய் இது, ஒருநாளும் பிசகவில்லை. மூன்றாம் வரிசை வாங்கில் கிளைவ் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்.

சுந்தரத்திடம் சொன்னேன். அவன் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டான். "உங்க ஊர்ல தோட்ட வேலைக்கு வர்றவனுக்கு எதுல தண்ணி குடுப்பீங்க?"

தேங்காய்ச் சிரட்டையில். நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், கை படாமல்.

மாதம் ஒருமுறை உறுப்பினர் வீடுகளுக்குப் போய்ச் சுகம் விசாரிப்பதும் குருத்துவம் உள்ளவர்களின் கடமை. கிளைவின் வீடு என் பங்கில் விழுந்தது. அவரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான், இப்போது அவருக்குப் புத்தி சொல்லப் போகிறவனும் நான். டோரீன் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கட நிறம் என்ர புருசன்ர நிறத்தை விடக் கொஞ்சம் கூடக் கறுப்புத்தான். அவையளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"விடு டோரீன்" என்றார் கிளைவ்.

அன்று அவர் என்னிடம் ஒன்று கேட்டார். டெரிக்குக்கு வரும் மாதம் பன்னிரண்டு வயதாகிறது. அவன் வகுப்புப் பொடியன்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகத் தட்டுத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். தன் பிறந்தநாளுக்கு அடுத்த ஞாயிறு தானும் தூக்கலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"எனக்கு இல்லையெண்டா இல்லை. பொடியனுக்காக ஒருக்கா நீ சனத்துக்கு முன்னால எழும்பிச் சொல்லு. என்ர நிறத்தில ஒருத்தன் அந்த மேசையில நிக்கிறான். நீ சொன்னாக் கேப்பினம்."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

சட்டம் மேலிடத்திலிருந்து வருவது, பிஷப்பாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இந்தச் சமாதானத்தை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் கிளைவ் என்னிடம் சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை. சனத்துக்கு முன்னால் எழும்பிச் சொல்லச் சொன்னார், அவ்வளவுதான்.

சொல்வதற்கு வழியும் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். அன்று பிரசங்கம் கிடையாது. யாருக்கு மனம் ஏவுகிறதோ அவர் எழும்பித் தன் விசுவாசத்தைச் சொல்லலாம். வயிறுகள் உறுமும், குழந்தைகள் அழும், சிலர் பேசும்போதே கண்ணீர் விடுவார்கள். டெரிக் புதுக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தான். நான் எழும்பினேன். பேசவேண்டியதைக் கிழமை முழுக்கப் பாண் வெட்டும் இயந்திரத்துக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன்.

முன்னால் போய் நின்றதும் எல்லா முகமும் என்னைப் பார்த்து அன்போடு மலர்ந்தது. சால்வை பின்னித் தந்த அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு போய்விட்டால் இந்த நகரத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு பயம் வந்தது. "இது உண்மையான கோயில் என்று எனக்குத் தெரியும்" என்றேன். எல்லோரும் சொல்லும் வசனம் அதுதான். என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்த குளிருக்கும் நன்றி என்றேன். சனம் சிரித்தது. போய் இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மேசையில் பாண் இல்லை. ஞாயிறில் கடைகளும் பூட்டு. யாரோ வீட்டுக்கு ஓடிப்போய் மிஞ்சிக் கிடந்த அரை றாத்தலைக் கொண்டுவந்தார்கள்.

கிளைவ் என்னோடு கோபிக்கவில்லை. தொழிற்சாலையில் கண்டால் குட் மோர்னிங் சொல்வார். பிறகு வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். ஒருநாள் என்னைப் பிடித்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சில மாதத்தில் நானும் கோயிலுக்குப் போவதை விட்டேன். வீரத்தில் அல்ல, அந்த மேசையில் முழங்காலிட வெட்கமாக இருந்தது. கோயில்காரர் என்னைத் தேடி மாதாமாதம் வந்தார்கள். நான் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கட்டிலில் மூச்சுக் காட்டாமல் கிடப்பேன். "அவர் இல்லீங்க" என்று சுந்தரம் கூசாமல் பொய் சொல்லி அனுப்பிவிட்டு வந்து, எனக்கு ஒரு காப்பி நீட்டுவான். நான் குடித்தேன். தப்புச் செய்த சுகம்கூட அதில் இல்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டு கோடையில் ஒருநாள் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. மோர்மன்காரர் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். இனி எந்த நிறத்தவருக்கும் குருத்துவம் உண்டு. நான் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளைவ் வீட்டுக்கு ஓடினேன். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவன் டெரிக். என்னைவிட உயரமாகிவிட்டான். அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்றான். அவனிடமே செய்தியைக் காட்டினேன். நின்றபடியே முழுவதையும் வாசித்தான்.

"இனி நீயும் தட்டுத் தூக்கலாம்" என்றேன்.

அவன் பத்திரிகையைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்தான். "எனக்கு இப்ப பதினைஞ்சு வயசு, அங்கிள்" என்றான். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னான். "அண்டைக்கு நீங்கள் எழும்பிப் போகேக்க, 'பார், அங்கிள் உனக்காகத்தான் போறார்' எண்டு அப்பா என்ர காதுக்குள்ள சொன்னவர்."

அந்தக் கோடையிலேயே அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. பாண் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி மாடிவீடுகள். பக்கத்தில் போனாலும் மாவின் வாசம் வராது. சுந்தரம் கல்கரிக்குப் போய் அங்கேயே காலமானான். கோயிலில் இப்போது எல்லா நிறத்துப் பொடியன்களும் தட்டுத் தூக்குகிறார்களாம், அப்படி ஒரு சட்டம் இருந்ததே அங்கே பலருக்குத் தெரியாதாம். டெரிக்குக்கு அறுபது தாண்டியிருக்கும். தேடிக் கண்டுபிடித்து அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம், அவரும் பரவாயில்லை என்று சொல்லக்கூடியவர்தான். ஆனால் புதுக் கழுத்துப்பட்டியோடு, தகப்பன் சொன்னதை நம்பி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பொடியனை நான் எங்கே போய்த் தேட?