வார்னிஷில் விழுந்த தூசி

நாங்கள் அமெரிக்காவில், மில்பிடாஸில் இருந்தபோது என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வீட்டு கராஜில் ஒரு மரக்கப்பல் கட்டினார். சின்னக் கப்பல்தான், ஒன்றரை முழம் இருக்கும். வேலை போய் எங்களோடு வந்து தங்கியிருந்தவர், ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்திருந்தார். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருவில் யாரோ பழைய சாமான்களை விற்றார்கள். அதில் பிரிக்காமலே கிடந்த, கப்பல் செய்யும் பலகைப் பெட்டியை வாங்கி வந்து, "இதை முடிச்சுட்டுக் கிளம்பறேன்க்கா" என்றார். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பலகைகளை ஒட்டும்வரை சிக்கல் இல்லை. வார்னிஷ் அடிக்கத் தொடங்கியதும்தான் தூசி வந்தது. ஈரத்தின்மேல் ஏதாவது விழுந்தால் அப்படியே ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாகிவிடும். காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, மறுபடியும் அடிக்க வேண்டும். மாமா அப்பாவின் காரை வெளியே நிறுத்தச் சொன்னார். ஊரில் வாசல் தெளிப்பதுபோல் சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்தார். குளியலறைத் திரை ஒன்றை வாங்கி வந்து கப்பலைச் சுற்றிக் கூடாரம்போல் தொங்கவிட்டார். அப்படியும் காய்ந்த பிறகு பார்த்தால் மேல்தளத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

முதலில் துணி காயவைக்கும் டிரையரைச் சந்தேகப்பட்டார். அம்மா துணிகளைப் பின்பக்கம் கொடியில் போட ஆரம்பித்தாள். பிறகு கதவு இடுக்கில் டேப் ஒட்டினார். கடைசியில் சந்தேகம் என்மேல் வந்து நின்றது.

"கண்ணு, திரையைத் தூக்கிப் பார்த்தியா?"

"இல்லீங் மாமா."

"சும்மா பார்க்கத்தான் தூக்கியிருப்ப. சொல்லு, திட்ட மாட்டேன்."

"நான் தூக்கவே இல்ல."

"அப்ப தூசி தானா நடந்து வந்து ஏறிக்குச்சா?"

அன்றிலிருந்து எனக்கு கராஜ் தடை. பள்ளியில் யாரோடும் பேசத் தெரியாத எனக்கு, வீட்டில் இருந்த ஒரே பேச்சுத்துணை மாமாதான். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மாமா வார்னிஷ் அடித்துவிட்டுக் குளிக்கப் போனதும், கராஜில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். ஒரு கை மூடியிருந்தது. திரையை விலக்கி, மூடிய கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கோலப்பொடி விடுவதுபோல் தூவினாள். பூஜை அலமாரியின் வாசனை வந்தது. எனக்குத் தும்மலும் வந்தது.

அம்மா திடுக்கிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "புதுக் காருக்குத் துண்ணூறு வைக்கலையா? அதுமாதிரிதான். மாமாகிட்டப் போய் ஓதிட்டு நிக்காத" என்றாள்.

நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் காருக்கு அவள் மூன்று கோடு இழுத்தாளே தவிர எதையும் தூவவில்லை. மேலும், வார்னிஷ் காய்ந்து கிடந்த நாட்களில் கப்பலுக்குத் திருநீறு தேவைப்படவே இல்லை.

என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திரையை விலக்கி, மேல்தளத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அம்மாவை ஒரு பிடி பிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அந்த விரலைத் துடைக்காமல் வெகுநேரம் நின்றார்.

"சரி கண்ணு. நமக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேண்டாம்" என்றார். காய்ந்ததும் உப்புத்தாளில் பாதியைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். இருவரும் தேய்த்தோம். மறுநாள் அந்தத் திரையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்.

அந்த வாரம் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "கப்பல் எப்ப மாப்ள கிளம்புது?"

"எங்கீங்க மச்சான், தூசி அடங்க மாட்டேங்குது."

"ஒரு திரை கிரை கட்டறதுதானே?"

"கட்டிப் பார்த்தாச்சுங்க."

அம்மா நிமிராமல் மாமாவின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். மாமாவும் போதும் என்று சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. தூவியவள் ஒருத்தி, அது தெரிந்த ஒருவர், இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, பாவம், அப்பாவிடம் மட்டும் ஏன் தூசியைக் குறை சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.