பருப்பு வேகாத தண்ணீர்

ஜீப் அகரம் ஊரைத் தாண்டும்போதே இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. முன்னால் எங்கள் வட்டார வளர்ச்சி அதிகாரி பி.டி.ஓ.வும் ஒரு வெளிநாட்டு அதிகாரியும். அவருடைய நாடு உதவியாகக் கொடுத்த அடிபம்புகளால் ஐந்து வருடத்தில் ஊர்களுக்கு என்ன பலன் என்று பார்க்க வந்திருந்தார். பெண்களிடம் கேட்டுச் சொல்ல ஆங்கிலம் தெரிந்த கிராம சேவிகா வேண்டும் என்று என்னை ஏற்றியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையெல்லாம் அன்று எங்கே போனதோ.

பயத்துக்குக் காரணம் இதுதான். "பம்பு நல்ல நிலையில் உள்ளது, மக்கள் பயன்படுத்துகிறார்கள்" என்று மாதா மாதம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். கைப்பிடியை நாலு தடவை அடிப்பேன். தண்ணீர் கொட்டும். எழுதிவிடுவேன். அங்கே யாரும் குடம் வைத்து நான் பார்த்ததில்லை. வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

பம்படியில் ஏழெட்டுப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். ஆபீஸிலிருந்து சொல்லி நிறுத்தியது. இந்தத் தண்ணீரில் சமைக்கிறார்களா என்று கேட்கச் சொன்னார் அதிகாரி. முன்னால் நின்ற செல்லம்மாளிடம் கேட்டேன்.

"என்ன தாயி, தெரியாதவ மாதிரி கேக்குற? இந்த உப்புத் தண்ணியில பருப்பு வேகுமா? மாடு கழுவத்தான் இது. சோத்துக்கு அம்புட்டுத் தூரம் கெணத்துக்குப் போறோம். போன தையிலயே உங்கிட்டச் சொன்னேன்ல. எழுதிக்கிட்டுத்தான போன?"

"அது வேற எதையாச்சும் எழுதியிருக்கும்க்கா" என்றாள் பின்னால் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள்.

பி.டி.ஓ. என் பக்கம் குனிந்தார். "தண்ணி நல்லாருக்குன்னு சொல்லிரும்மா. வேலையில இருக்கணும்ல?"

செல்லம்மாள் என் வாயையே பார்த்தார். ஆங்கிலத்தில் நான் என்ன சொன்னாலும் அவருக்குப் புரியாது. எங்கள் அம்மாவும் இப்படித்தான், படித்த பிள்ளை சரியாகத்தான் சொல்லும் என்று நின்றிருப்பார்.

செல்லம்மாள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், தையில் என்னிடம் சொன்னதையும் சேர்த்து. அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். ரிப்போர்ட் எழுதியது யார் என்றார்.

"நான்தான்" என்றேன்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. பதில் கொடுத்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். பம்பில் தண்ணீர் வருகிறதா என்பதோடு நிற்காதீர்கள், அது அடுப்புவரை போகிறதா என்று பாருங்கள். என் பையில் இப்போது ஒரு பிடி துவரம்பருப்பு இருக்கிறது. போகிற ஊரில் அதை வேகவைத்துப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன். பியூன் என் பெயரைக் கூப்பிட்டால் மட்டும், மெமோவுக்கு முடிவு வந்துவிட்டதோ என்று எழுந்து நின்றுவிடுகிறேன்.