பதினேழாவது சால்வை

எங்கள் எம்பிராய்டரி யூனிட்டில் வேல்குமாரைப் போல வாய் திறக்காத ஆளை நான் பார்த்ததில்லை. சாமளாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பதினெட்டு வருசமாக ஒரே மிஷின். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். பேக்கிங்கில் இருக்கும் நான் நேர்மாறு. மருதாள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று கம்பெனியே சொல்லும். சொல்லட்டும், எனக்கென்ன.

வருசா வருசம் ஒரு கல்லூரி, விருது விழாவுக்குச் சால்வை கேட்கும். பரிசு வாங்கும் மாணவர், பேராசிரியர் பெயரை ஒவ்வொன்றிலும் தைத்துத் தர வேண்டும். இந்த முறை பதினாறு. அதே கல்லூரியில்தான் வேல்குமாரின் மகள் அனுப்ரியா இயற்பியல் படித்தாள். இரண்டாம் வருசத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்திருந்தால் இதுதான் அவளுக்குக் கடைசி வருசம்.

எத்தனை ஆர்டரோ அதற்கு மேல் ஒரு பீஸ் சேர்த்து எடுப்பது எங்கள் பழக்கம். ஏதாவது பழுதானால் கைகொடுக்கும். இந்த முறை எதுவும் பழுதாகவில்லை. மிஞ்சிய சால்வையில் வேல்குமார் மகளின் பெயரைத் தைத்திருக்கிறார். விழா அன்று வீட்டில் அவள் படத்துக்குப் போர்த்த வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. நானோ அடுக்கில் இருந்ததையெல்லாம் பெயர் பார்க்காமல் மடித்து, முந்தின நாளே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒன்று கூடப் போனால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற திமிர். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விழா அன்று காலை அவர் என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, இங்கொரு சால்வை வெச்சிருந்தனுங்க."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பர்மிஷன் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து இருவரும் ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் விழா முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. பெட்டி காலி.

மேடையில் பெயர் வாசித்த பேராசிரியை சித்ரகலாவைத் தேடிப் பிடித்தோம். இந்த வருசம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். பட்டியலில் இல்லாத பெயர் சால்வையில் இருந்ததால், டைப் அடிக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்று அதையும் வாசித்தாராம். மற்றவர்களுக்கெல்லாம் மண்டபமே அதிர்ந்ததாம். அந்தப் பெயருக்கு மட்டும் ஒருத்தர்கூடக் கை தட்டவில்லையாம். ஏனென்று அவருக்கு இன்னும் புரியவில்லை.

அந்தச் சால்வையை யார் வாங்கினது என்று நான்தான் கேட்டேன். அந்தப் பெண்ணே வந்து வாங்கிக்கொண்டது, நான்தான் போர்த்திவிட்டேன் என்றார் சித்ரகலா.

வேல்குமார் செல்போனை எடுத்து மகளின் போட்டோவைக் காட்டினார். அந்தம்மா பார்த்த உடனே தலையாட்டினார்.

"இந்தப் பொண்ணேதானுங்க. தோளு ஐஸாட்டம் இருந்துச்சுங்க. எறங்கிப் போறப்ப, எங்கப்பா வரலீங்களான்னு கேட்டுச்சு."

வேல்குமார் அதற்கப்புறம் சால்வையைப் பற்றிக் கேட்கவே இல்லை. நேராக மண்டபத்துக்குள் போனார். உள்ளே ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலி மேடையைப் பார்த்துக் கை தட்டினார். விடாமல் தட்டினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். மேடைப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.