கிறிஸ்தோப்பரும் சாளியின் பெற்றோலும்

நெடுந்தீவில் யாரைப் பிடித்து விசாரித்தாலும், கிறிஸ்தோப்பரைப் பற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இராது. ஐம்பத்தெட்டு வயது, கடற்றொழில். மனைவி கத்தரீனா, ஒரே மகள் நிலாந்தினி. குடி இல்லை, சண்டை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. கோயிலில் கடைசி வாங்கில் இருப்பார், பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எழுத வேண்டியவன் நான்தான். அவருக்குக் கள்ளன் என்று பட்டம் கட்டியதில் பாதிப் பங்கு என்னுடையது.

என் பெயர் மிரோஜன். மோட்டார் சைக்கிள் திருத்துகிறேன். இங்கே வாகனங்கள் குறைவு, ஆனால் இருப்பவற்றில் பாதிக்கு என்னைவிட வயது கூட. அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை, சாமானுக்குத்தான் பஞ்சம். சோழகக் காற்று தொடங்கினால் படகு ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் நிற்கும். ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டும். இருப்பதைத் தேய்த்து, வளைத்து, ஒட்டிச் சமாளித்தே எனக்குப் பழகிவிட்டது. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

கிறிஸ்தோப்பரின் பக்கத்து வளவில் மேரிசுகந்தி அக்கா இருக்கிறார். தீவின் மருத்துவமாது. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது அவர் வேலை. போய்வர ஒரு பழைய சாளி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். இரண்டு வளவுக்கும் நடுவில் முருகைக்கல் வேலி. அதில் ஓர் ஆள் நுழையக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. கத்தரீனா அக்காவின் மீன்குழம்பு அந்தப் பொட்டால் போகும், சுகந்தி அக்காவின் பிரஷர் கருவி அதே பொட்டால் வரும். நிலாந்தினிக்கு அப்போது ஏழு மாதம். கால் வீங்கியிருந்தது, பிரஷரும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சுகந்தி அக்கா ஒவ்வொரு பின்னேரமும் பொட்டால் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

வைகாசியில், சாளி அடிக்கடி நின்றுபோகிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். அதற்குள் ஒரு மிதவையும் ஒரு சின்ன ஊசியும் இருக்கும். பெற்றோல் நிறைந்து மிதவை உயர்ந்தால், ஊசி போய்ப் பெற்றோல் வரும் துவாரத்தை அடைக்க வேண்டும். அந்த ஊசியின் நுனி வட்டமாகத் தேய்ந்திருந்தது. புது ஊசி கையில் இல்லை. பற்பசை போட்டு மினுக்கி அதையே திரும்பப் பூட்டினேன். படகு ஓடத் தொடங்கியதும் மாற்றலாம் என்று நினைத்தேன். அக்காவுக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் என் கெட்டித்தனம் குறைந்துபோகுமே.

இரண்டு கிழமையில் திரும்ப வந்தார். இரவு இருக்கிற பெற்றோல் விடிய இல்லை என்றார். ஈர்க்கைப் பெற்றோல் தாங்கிக்குள் விட்டு, ஈரம் எட்டிய இடத்தை நகத்தால் கீறி வைத்துப் பார்த்திருக்கிறார். அதோடு சில காலைகளில் சாளி கிளம்பிக் கொஞ்சத் தூரத்தில் நின்றுவிடுமாம். பார்த்தால் பெற்றோல் வரும் வழியை அடைக்கும் ரப் என்ற திருகு பூட்டியிருக்குமாம். அவர் ஒருநாளும் அதைப் பூட்டுவதில்லை.

நான் சாளியை நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி நிறுத்தி, காபரேற்றருக்குக் கீழே விரலால் தடவினேன். காய்ந்து கிடந்தது. ஐந்து நிமிடம் பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

"ஒரு சொட்டும் ஒழுகேல்லை அக்கா. ஆரோ உறிஞ்சிக் குடிக்கினம்" என்று சொல்லிச் சிரித்தேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அக்கா சிரிக்கவில்லை. முதல்நாள் விடியப்புறம் கிணற்றடிக்கு வந்தபோது, சாளிக்குப் பக்கத்தில் கிறிஸ்தோப்பர் குனிந்து நின்றதை அவர் கண்டிருக்கிறார். கண்டபோது ஒன்றும் தோன்றவில்லையாம். பொட்டால் நுழைந்து அக்காவின் வளவுக்கூடாகக் கரைக்கு இறங்குவது கிறிஸ்தோப்பரின் தினசரி வழக்கம். என் பேச்சைக் கேட்ட பிறகுதான் அந்தக் குனிதல் வேறு மாதிரித் தெரிந்தது. கிறிஸ்தோப்பரின் வள்ளத்து எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடினாலும், கிளப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். கணக்குச் சரியாகிவிட்டது.

சுகந்தி அக்கா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்று பின்னேரம் ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் ஊற்றிக்கொண்டு போய், பொட்டடியில் நின்று கிறிஸ்தோப்பரிடம் நீட்டினார். கத்தரீனா அக்காவும் நிலாந்தினியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தேவையெண்டால் கேட்டு எடுங்கோ அண்ணை. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

ஏசியிருந்தால்கூட மனிசன் தாங்கியிருப்பார். போத்தலை வாங்காமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் கடலுக்குப் போகவில்லை. கல் சுமந்து பொட்டை அடைத்தார்.

நிலாந்தினி கிளினிக்குக்கு வருவதை நிறுத்தினாள். சுகந்தி அக்கா தெருவால் சுற்றிப் போனால், பிள்ளை நித்திரை என்று கத்தரீனா அக்கா படலையிலேயே சொல்லி அனுப்பிவிடுவார். அந்த வீங்கிய கால் அக்காவை நித்திரை கொள்ள விடவில்லை. பிரஷர் திடீரென்று ஏறினால், இந்தக் கடலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் என்னவும் நடக்கலாம் என்று அவருக்குத் தெரியும். இதற்கிடையில் பெற்றோல் கதை ஊருக்குள் பரவியது. என் கடையில் வைத்தே இரண்டு பேர் கதைத்தார்கள். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

பொட்டு அடைத்துப் பத்தாம் நாள் அக்கா சாளியை உருட்டிக்கொண்டு வந்தார். தாங்கி வெறுமை.

"பொட்டு அடைச்சாப் பிறகு இன்னும் கூடப் போகுது மிரோஜன்" என்றார். ரப்பும் ஒருநாளும் பூட்டிக் கிடக்கவில்லையாம்.

கள்ளனின் வழியை அடைத்த பிறகு களவு கூடுமா? அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வீட்டில் எப்படி நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். பக்க ஸ்ராண்டில், வேலிப்பக்கம் சாய்த்து என்றார். ரப்பை ஏன் பூட்டுவதில்லை என்று கேட்டேன். எந்த நேரம் யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாது, உதைத்தவுடன் கிளம்ப வேண்டும் என்றார். அதே மாதிரிச் சாய்த்து நிறுத்தி, ரப்பைத் திறந்து, கொஞ்சம் பெற்றோல் விட்டு, கீழே ஒரு பேணியை வைத்தேன். இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். கால் மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கழிவுக் குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அவருடைய முற்றமெல்லாம் முருகைக்கல் பொடி. விழுவதை அது உறிஞ்சிவிடும், மிச்சத்தைச் சோழகம் கொண்டுபோய்விடும். விடிய ஒரு கறையும் இராது.

காபரேற்றரின் அடிக்கோப்பையைக் கழற்றினேன். மிதவையைக் காதடியில் வைத்துக் குலுக்கினேன். உள்ளே பெற்றோல் ஏறவில்லை, அது நல்லது. ஊசியை எடுத்து நுனியை நகத்தால் தடவினேன். தேய்ந்த வட்டத்தில் நகம் தட்டுப்பட்டது. நான் பற்பசை போட்ட அதே ஊசி. வண்டி நிமிர்ந்து நின்றால் எப்படியோ அடைக்கிறது, சாய்ந்தால் விட்டுவிடுகிறது. ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன்.

அக்கா பேணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் குனிஞ்சு நிண்டதை நான் கண்டனான்" என்றார்.

நான் ரப்பைத் தொட்டுக் காட்டினேன். சாளியில் அது காபரேற்றரோடு, முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. குனியாமல் அதை ஒருவராலும் பூட்ட முடியாது.

ஊசியைப் படம் எடுத்து யாழ்ப்பாணத்துக் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பழைய ஊசியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, அன்று பின்னேரமே அக்காவோடு கிறிஸ்தோப்பர் வீட்டுக்குப் போனேன். கத்தரீனா அக்கா கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். கிறிஸ்தோப்பர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்து, பற்பசையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கடலுக்குப் போகும்போது பெற்றோல் மணக்குமாம், ரப்பைப் பூட்டிவிட்டுப் போவாராம். அக்கா பூட்ட மறந்துபோகிறார் என்றுதான் நினைத்தாராம். இரவு பகலாக அலைகிற பிள்ளை, இதையும் ஒரு குறையாகச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டாராம்.

"அண்டைக்காவது சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றார் அக்கா. அழுதுகொண்டிருந்தார்.

"நீர் கேக்கேல்லைப் பிள்ளை. எடுங்கோ எண்டு நீட்டினனீர்."

அக்கா மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். கிறிஸ்தோப்பர் இருவருக்கும் ஓம் ஓம் என்றார். நிலாந்தினியைப் பார்க்கலாமா என்று அக்கா கேட்டார். மண்டைதீவில் மாமியார் வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்றார் கத்தரீனா அக்கா. பிரஷர் எப்படி என்று கேட்டதற்கு, அங்கே பார்க்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் தன் கையால் பார்த்த பிள்ளை. இனி அவளுடைய பிரசவச் செய்தியைக்கூட யாராவது வந்து சொன்னால்தான் சுகந்தி அக்காவுக்குத் தெரியும்.

எழும்பும்போது அக்கா பொட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினார்.

"கல்லுத் தூக்க இப்ப ஏலாது பிள்ளை, நாரி நோகுது" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார் கிறிஸ்தோப்பர். "பிறகு பாப்பம்."

குரலில் கோபமே இல்லை. படலைவரை வந்து எங்களை வழியனுப்பினார்.

மறுநாள் விடியப்புறம், மனம் கேட்காமல் நான் கரைக்குப் போனேன். கிறிஸ்தோப்பர் தெருவால் சுற்றி வந்துகொண்டிருந்தார். தோளில் வள்ளத்து எஞ்சின், முப்பது கிலோவுக்குக் குறையாது. என்னைக் கண்டு தலையசைத்தார். ஓரிடத்திலும் இளைப்பாறாமல், நேரே வள்ளத்தடிக்கு இறங்கிப் போனார்.